மக்கிள்ஸ்பீல்ட் நகரத்து எழுதுவினைஞன்

கறுப்புத் துணி, அதன்மேல் வெண்ணிறத்தில் அடுக்கடுக்காகச் சில கோடுகள். ஒவ்வொரு கோடும் இரு ஓரங்களிலும் அமைதியாகக் கிடந்து, நடுவிலே மலைச்சிகரங்கள் போல் எழுந்து விழுகின்றது. பெயர் இல்லை, எழுத்து இல்லை. சென்ற மாதம் என் மாணவன் ஒருவன் மாலை வகுப்புக்கு அணிந்து வந்த சட்டையிலே இப்படத்தைக் கண்டேன். இஃது என்ன படம், தம்பி என்று வினவினேன். கடலலையாக இருக்க வேண்டும், சேர் என்றான். நடைபாதைக் கடையிற் கண்டானாம், அழகாயிருந்தது, வாங்கினானாம்.

அவன்மேற் பிழையில்லை. அச்சட்டையை அணிந்து திரிவோரிற் பலரும் அவனுக்கு மேலாக எதுவும் சொல்லமாட்டார்கள் என்றே நினைக்கின்றேன். ஆனால் அது கடலலை அன்று. 1967ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாயிருந்த ஜோசலின் பெல் கண்டறிந்த விண்மீன் ஒன்றின் வானொலித் துடிப்புக்கள் அவை. ஏறக்குறைய 1.34 செக்கனுக்கு ஒரு தடவை, கடிகாரமும் நாணும்படியான ஒழுங்குடன் அவ்விண்மீன் துடிக்கின்றது. (1974இல் அதன் பொருட்டு வந்த நோபல் பரிசு அவருடைய பேராசிரியரைச் சேர்ந்ததேயன்றி அவரைச் சேரவில்லை, அது வேறொரு நாள் பேசவேண்டிய கதை.) 1970இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒருவர் தம் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டிலே அத்துடிப்புக்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடுகளாக்கி வரைந்தார். அவ்வரைபடம் பின்னர் ஒரு வானியற் கலைக்களஞ்சியத்தில் ஏறிற்று. அங்கிருந்து 1979இல் ஓர் இசைத்தட்டின் உறைக்கு வந்து சேர்ந்தது. அந்த இசைத்தட்டின் பெயர் அன்னோன் பிளெஷர்ஸ். அறியப்படாத இன்பங்கள் என நாம் கூறலாம். வெளியிட்ட கோஷ்டியின் பெயர் ஜோய் டிவிஷன்.

பாடியவன் யார் என்று பையன் கேட்டான். மணி அடித்துவிட்டது. வகுப்பிலே சொல்ல இயலாது போனதை இங்கே எழுதுகின்றேன்.

இயன் கேர்ட்டிஸ் என்பது அவன் பெயர். காலஞ்சென்ற கலைஞரை அவர் என்று எழுதுதலே மரபு என்பதை அறிவேன். ஆயினும் இருபத்துமூன்று வயதில் மறைந்துபோன ஒருவனை, என் வகுப்பிலே பின்வாங்கில் இருக்கத்தக்க வயதினனை, அப்படி எழுத என் கை வரவில்லை. அன்பினால் நேர்ந்த குறை, வாசகர் பொறுத்துக்கொள்வாராக.

அவன் பிறந்தது 1956 ஜூலை 15ஆந் திகதி, மான்செஸ்ரர் நகரை ஒட்டிய ஸ்ரெற்போர்ட்டில். வளர்ந்தது அதற்குத் தெற்கேயுள்ள மக்கிள்ஸ்பீல்டில். ஒரு காலத்திற் பட்டு நெசவுக்குப் பேர்பெற்றிருந்த சிறு நகரம் அது. தந்தையார் புகையிரதப் பகுதிப் பொலிஸ் சேவையில் இருந்தவர். பையன் கெட்டிக்காரன்; பதினொரு வயதிற் புலமைப்பரிசில் பெற்று நகரின் பெரிய பாடசாலையாகிய கிங்ஸ் கல்லூரிக்குள் நுழைந்தான். ஆனால் பாடப்புத்தகங்களில் அவனுடைய ஆர்வம் நெடுநாள் தங்கவில்லை. டேவிட் போவியின் இசைத்தட்டுக்களும், கோகொல், தொஸ்தயேவ்ஸ்கி, கவ்கா, பலார்ட் முதலியோரின் நூல்களுமே அவனை ஆட்கொண்டன. இவ்வாசிப்பை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் அதற்குத் தேவை வரும். 1975 ஆகஸ்ற் 23ஆந் திகதி டெபோரா என்னும் பெண்ணை மணந்தான். மணமகனுக்கு வயது 19, மணமகளுக்கு 18.

சிறிது காலம் மான்செஸ்ரரில் இசைத்தட்டு விற்கும் கடையொன்றில் வேலை பார்த்தான். பின்னர் அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. ஈற்றில் மக்கிள்ஸ்பீல்டிலேயே, வேலையற்றோருக்குத் தொழில் தேடிக்கொடுக்கும் பணிமனைக்கு வந்து சேர்ந்தான். அங்கே அவனுக்கு வாய்த்த பொறுப்பு, உடற்குறையும் தீராநோயும் உடையோருக்கு ஏற்ற வேலையைத் தேடிக்கொடுப்பது. காலையிலே கழுத்துப்பட்டி கட்டி, மேசைமுன் அமர்ந்து, எதிரே வந்து இருப்பவரின் குறையைக் கேட்டு, பத்திரம் நிரப்பி, தொழிற்சாலை முதலாளிமாருக்குத் தொலைபேசியிற் பரிந்துபேசுவது. அவனைப் பற்றி எழுதிய இசைப் பத்திரிகையாளர் பலர் இந்த மேசையை ஒரு வரியிற் கடந்து போயினர். அவன் பாடல்களின் திறவுகோல் அந்த மேசையின் இழுப்பறையிலேதான் கிடக்கின்றது என்பது என் துணிபு.

நிற்க. அக்காலத்து இங்கிலாந்தின் இசைநிலையைச் சற்றே கூறல் வேண்டும். 1970களின் நடுப்பகுதியில் அந்நாட்டின் றொக் இசை பெரும் பணக்காரரின் விளையாட்டாக மாறியிருந்தது. அரை மணி நேரம் நீளும் உருப்படிகள்; அரங்கு நிறைந்த கருவிகள்; கேட்போன் எட்டாத தூரம். இதற்கு எதிர்க்கலகமாக 1976இல் எழுந்ததே பங்க் இசை. மூன்று சுரக்கட்டுக்கள் தெரிந்தாற் போதும், கோஷ்டி அமைக்கலாம் என்பது அதன் வேதம். அவ்வாண்டு ஜூன் 4ஆந் திகதி, செக்ஸ் பிஸ்ரல்ஸ் என்னும் கோஷ்டி மான்செஸ்ரரில் ஒரு சிறு மண்டபத்தில் வாசித்தது. சபையில் இருந்தோர் நாற்பது பேரளவே. (நானும் அங்கிருந்தேன் என்று பின்னாளிற் சத்தியம் செய்தோரை எண்ணினால் ஒரு விளையாட்டரங்கே நிரம்பிவிடும்.) மெய்யாகவே இருந்தோரில் பேர்ணாட் சம்னர், பீற்றர் ஹூக் என்னும் இரு இளைஞர் உளர். மறுநாளே ஹூக் ஒரு பேஸ் கிற்றாரை வாங்கிவிட்டான். ஜூலையில் அக்கோஷ்டி மீண்டும் வந்தபோது இயனும் மனைவியும் சபையில் இருந்தனர். பாடகன் தேவை என்று சம்னரும் ஹூக்கும் ஓர் இசைத்தட்டுக் கடையிலே ஒட்டிய விளம்பரத்துக்கு இயன் மறுமொழி கொடுத்தான். முன்பே கண்டு பழகிய முகம். குரலைச் சோதித்தும் பாராமற் சேர்த்துக்கொண்டனர். 1977இல் மக்கிள்ஸ்பீல்டுக்காரனே ஆகிய ஸ்டீபன் மொறிஸ் டிரம் வாசிக்க வந்து சேரவே, கோஷ்டி நிறைவுற்றது.

தொடக்கத்தில் வார்ஸோ என்று பெயர். 1978இன் தொடக்கத்திலே ஜோய் டிவிஷன் என மாற்றிக்கொண்டனர். இப்பெயரைப் பற்றி நான் மழுப்ப விரும்பவில்லை. ஔஷ்விற்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய எழுத்தாளர் ஒருவரின் நாவலிலிருந்து எடுக்கப்பட்டது அது. நாற்ஸிகள் பெண்களைச் சிறைவைத்துச் சீரழித்த பகுதிக்கு அந்நாவலில் வழங்கும் பெயர். முதல் வெளியீட்டின் உறையிலோ ஹிட்லரின் இளைஞர் படையைச் சேர்ந்த ஒரு சிறுவன் முரசறையும் படம். இவர்கள் நாற்ஸிகளின் அனுதாபிகளோ என்று விமர்சகர் ஐயுற்றதிற் குற்றம் காண இயலாது. அனுதாபிகள் அல்லர் என்பது பின்னர் தெளிவாயிற்று. எனினும் பிறரின் பெருந்துயரைத் தம் கோஷ்டிக்கு அலங்காரமாக்கியது முதிர்ச்சியற்ற செயலே. இளமையின் துடுக்கு என்று அதனைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

மான்செஸ்ரர் தொலைக்காட்சியில் ரொனி வில்சன் என்றொரு அறிவிப்பாளர் இருந்தார். எல்லாக் கோஷ்டிகளையும் திரையிற் காட்டுகிறாய், எம்மை ஏன் காட்டவில்லை என்ற பொருளில் வசைமொழி எழுதிய துண்டுக் காகிதமொன்றை ஒரு நாள் இயன் அவர் கையில் திணித்தான். வில்சன் சினக்கவில்லை. 1978 செப்ரெம்பர் 20ஆந் திகதி அவர்களைத் தம் நிகழ்ச்சியிலே பாட வைத்தார். பின்னர் தாம் தொடங்கிய பக்ரறி றெக்கோர்ட்ஸ் நிறுவனத்தின் மூலம் அவர்களின் இசைத்தட்டை வெளியிடவும் முன்வந்தார். பாடல்களின் உரிமை முழுவதும் கலைஞருக்கே என்ற உறுதிமொழியை அவர் தம் இரத்தத்தால் எழுதிக் கையொப்பமிட்டார் என்று ஒரு கதை உண்டு. வில்சனைப் பற்றிய கதைகளை எல்லாம் நம்பவேண்டியதில்லை. ஆனால் அந்த மனிதர் அப்படிப்பட்டவரே.

அவ்வாண்டு டிசெம்பர் 27ஆந் திகதி கோஷ்டியினர் இலண்டனில் முதன்முதலாக வாசித்தனர். கூட்டம் மிகச் சொற்பம். மனம் சோர்ந்து இரவோடிரவாக மோட்டார் வண்டியில் வீடு திரும்பும் வழியில் இயனுக்கு வலிப்புக் கண்டது. 1979 ஜனவரியில், இது காக்கை வலிப்பு நோய் என்று வைத்தியர் உறுதிப்படுத்தினர். அந்நாளில் அந்நோய்க்குக் கொடுக்கப்பட்ட பினோபாபிற்றோன் முதலிய குளிசைகள் வலிப்பைத் தணிப்பதோடு மனத்தையும் சோர்வுறச் செய்பவை. நேரத்துக்கு உறங்கு, மதுவைத் தொடாதே, மின்னி மின்னி எரியும் விளக்கொளியை விலக்கு என்பது வைத்தியரின் விதி. இரவுதோறும் விழித்து, மதுச்சாலை மேடைகளிலே மின்னும் விளக்குகளின் கீழ் ஆடிப்பாடுவது அவன் மேற்கொண்ட தொழில். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

ஏப்ரல் மாதம், மான்செஸ்ரருக்கு அணித்தேயுள்ள ஸ்ரொக்போர்ட் நகரின் ஸ்ரோபெரி ஒலிப்பதிவுக்கூடத்தில் அன்னோன் பிளெஷர்ஸ் பதிவாயிற்று. அதே மாதம் 16ஆந் திகதி இயனுக்கு ஒரு மகள் பிறந்தாள். வலிப்பு வந்து குழந்தையைக் கைதவற விட்டுவிடுவேனோ என்று அவளைத் தூக்கவும் அஞ்சினான் என்பர்.

ஒலிப்பதிவை நெறிப்படுத்தியவர் மாட்டின் ஹனெற். இரசாயனம் கற்றவர், பிடிவாதக்காரர், கோஷ்டியினரைக் கூடத்தைவிட்டு விரட்டுவதற்காகவே குளிரூட்டியை உச்சத்தில் வைத்தவர். மேடையிலே ஜோய் டிவிஷனின் ஓசை சுவரை இடிப்பது போன்றது. ஹனெற் அந்தச் சுவரைக் கல் கல்லாகக் கழற்றினார். டிரம் தொகுதியின் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே ஒலிக்கவேண்டும், ஒன்றின் ஓசை மற்றொன்றிற் கசியக்கூடாது என்றார். அப்பொழுதுதான் புதிதாக வந்திருந்த எண்முறை எதிரொலிக் கருவியால் ஒவ்வோர் அடியையும் வெற்று மண்டபத்தில் விழும் அடிபோல் ஆக்கினார். மின்தூக்கி ஏறியிறங்கும் ஓசையும் கண்ணாடி நொறுங்கும் ஓசையும் பாடல்களின் இடையே புகுந்தன. ஒரு பாட்டிலே இயனின் குரலைத் தொலைபேசிக் கம்பி வழியாக வரவழைத்துப் பதிந்தார். இவ்வளவும் செய்தபின் எஞ்சியது என்ன? வெளி. கருவிகளுக்கிடையே இருண்ட, குளிர்ந்த ஒரு வெளி. அதன் நடுவே, பூமிக்கு அடியிலிருந்து வருவது போன்ற தாழ்ந்த குரலிலே ஓர் இளைஞன் தனியே பாடுகின்றான். இசைத்தட்டின் இரு பக்கங்களுக்கும் ஒன்று, இரண்டு என்று எண் இடவில்லை. வெளிப்புறம், உட்புறம் என்றே பெயரிட்டனர்.

அந்தப் பத்துப் பாடல்களுள் ஒன்றைப் பற்றி மட்டும் விரித்துக் கூறுவேன். ஷீஸ் லொஸ்ற் கொன்ற்றோல் என்பது அதன் பெயர். தன்வசம் இழந்துவிட்ட ஒருத்தியைப் பற்றியது. இயனின் பணிமனைக்கு வேலை தேடி ஒரு பெண் வருவாள். அவளுக்கு வலிப்பு நோய். யார் வேலை கொடுப்பர்? அவளும் விடாது வந்துகொண்டிருந்தாள். சில நாள்களின் பின் வரவு நின்றுவிட்டது. எங்கோ வேலை கிடைத்துவிட்டது போலும் என்று இயன் மகிழ்ந்திருந்தான். பின்னரே செய்தி வந்தது: வேலை கிடைக்கவில்லை, வலிப்புக் கண்டு அவள் இறந்துவிட்டாள். பத்திரம் நிரப்பிய கை அவளுக்காக ஒரு பாட்டையும் எழுதிற்று. எழுதிய வேளையில் தனக்கும் அதே நோய் என்று வைத்தியர் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அப்பாட்டுக்கு ஹனெற் அமைத்த தாளம் விந்தையானது. ஒலிநாடாக் கருவியைத் துப்புரவாக்கும் திரவத்தை விசிறும் தகரக் குப்பியொன்றை மொறிஸிடம் கொடுத்து, ஒரு சிற்றறைக்குள் அடைத்து, ஒவ்வோர் அடிக்கும் ஒரு தடவை சீறவிடுமாறு பணித்தார். மூச்சுத் திணறத் திணற மொறிஸ் அதனைச் செய்து முடித்தான். இன்று கேட்கும்போதும் அந்தச் சீறலிலே இயந்திரமொன்றின் மூச்சு இருக்கின்றது. இரக்கத்தைக் காட்டும் எந்த இசையணியும் அதில் இல்லை. கிற்றார் அழவில்லை, குரல் தழுதழுக்கவில்லை. ஓர் எழுதுவினைஞன் தன் கண்ணாற் கண்டதைப் பதிவேட்டிற் பதிவது போலப் பாட்டு நடக்கின்றது. அதுவே நெஞ்சைப் பிசைகின்றது.

இசைத்தட்டைக் கேட்ட சம்னருக்கும் ஹூக்குக்கும் பிடிக்கவில்லை. எமது ஆவேசத்தை எல்லாம் ஹனெற் வடித்துக் கொட்டிவிட்டார் என்று நொந்துகொண்டனர். பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, அவர் செய்தது சரி என்று ஹூக் ஒப்புக்கொண்டார்.

1979 ஜூன் 15ஆந் திகதி அது வெளிவந்தது. முதல் அச்சிற் 10,000 பிரதிகள். முன்னுறையில் பீற்றர் சவில் அமைத்த அந்தத் துடிப்புக் கோடுகள் மட்டுமே; கோஷ்டியின் பெயரும் இல்லை, தட்டின் பெயரும் இல்லை. விற்பனைப் பட்டியலில் அது இடம்பெறவில்லை. ஆனால் விமர்சகர் கண்ணிற் பட்டுவிட்டது. அக்காலத்து இங்கிலாந்தில் வாரந்தோறும் வெளிவந்த இசைப் பத்திரிகைகள் மூன்று நான்கு உண்டு. ஓர் இளைஞனின் கைச்செலவுப் பணம் எந்தத் தட்டுக்குப் போகும் என்பதைத் தீர்மானித்தவை அவையே. மெலொடி மேக்கரில் எழுதிய ஜோன் சவேஜ், அவ்வாண்டின் தலைசிறந்த அறிமுக இசைத்தட்டுக்களுள் ஒன்று என அதனைப் பாராட்டினார். அவர் இலண்டனிலிருந்து மான்செஸ்ரருக்கு வந்து குடியேறியவர். அந்நகரின் பாழடைந்த ஆலைகளும் வெறிச்சோடிய தெருக்களும் இத்தட்டிலே ஒலிப்பதை அவர் செவி கண்டுகொண்டது. மற்றொரு வாரப் பத்திரிகையின் விமர்சகர், டோர்ஸ் என்னும் அமெரிக்கக் கோஷ்டியின் சிறந்த வெளியீடுகளோடு வைத்து எண்ணத்தக்க ஆங்கிலேயப் படைப்பு என்றார். மேரி ஹரன் என்பார் உடன்படவில்லை. தட்டிற் பாதி சலிப்பூட்டுகிறது, பாடகனின் குரல் நாடகப்பாங்காக இருக்கிறது என்பது அவர் தீர்ப்பு. இவர் பின்னாளில் திரைப்பட நெறியாளராகப் பெயர்பெற்றார். அவர் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஆயினும் எல்லோரும் ஒரே திசையில் தலையாட்டும்போது மாறுபட்டு எழுத ஒருவர் இருத்தல் நன்றே.

இந்த விமர்சனங்களிற் பெரும்பாலானவை நகரைக் கேட்டன, காலத்தைக் கேட்டன, ஐரோப்பிய இலக்கியத்தின் சாயலைக் கேட்டன. மேசைமுன் இருந்த எழுதுவினைஞனையும் வேலை தேடி வந்த பெண்ணையும் கேட்டவர் அருமை. அவர்களைக் குறைகூற இயலாது. அந்தச் செய்தி அன்று அவர்களுக்கு எட்டியிருக்கவில்லை.

மேடையில் இயன் ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. கண்கள் எங்கோ நிலைகுத்தி நிற்க, கைகள் இரண்டும் முழங்கையிலிருந்து வெட்டி வெட்டி வீச, நின்ற இடத்திலேயே ஓடுவது போன்ற ஆட்டம். நோய் வெளிப்படுவதற்கு முன்பே ஆடத் தொடங்கியது அது. நோய் வந்தபின், ஆட்டம் எது, வலிப்பு எது என்று சபைக்குத் தெரியாது போயிற்று. சில இரவுகளில் ஆட்டம் வலிப்பாகவே முடிந்தது. தோழர் அவனை மேடையிலிருந்து தூக்கிச் செல்லக் கீழேயிருந்தோர் ஆரவாரித்தனர். பத்திரிகைகளில் அந்த ஆட்டத்தின் புகழ் வளர்ந்தது.

1979 ஆகஸ்ற் மாத இறுதியிலே அரசாங்க உத்தியோகத்தை விட்டான். மாதச் சம்பளம் போயிற்று; ஓய்வுநேரமும் போயிற்று. தொடர்ந்து ஊர் ஊராக இசைச் சுற்றுலா. 1980 ஜனவரியில் ஐரோப்பாவிலும். இதற்கிடையே பெல்ஜிய நாட்டுப் பெண்ணொருத்தியுடன் நட்பு உண்டாகி மணவாழ்க்கையிலும் விரிசல் கண்டது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறும் வேலை எனக்கு வேண்டாம். நோய், மருந்து, குற்றவுணர்வு, உறக்கமின்மை ஆகிய நான்கும் ஒருவன் தோளில் ஏறியிருந்தன என்பதே போதும்.

1980 மார்ச்சில் இலண்டன் பிரிட்டானியா றோ கூடத்தில் இரண்டாவது இசைத்தட்டாகிய குளோசர் பதிவாயிற்று. அண்மி வருவது என்றும் பொருள்படும். மூடி முடிப்பது என்றும் பொருள்படும். அதன் பாடல்கள் முன்னையவற்றினும் இருண்டவை. அவற்றின் சொற்களைக் கண்டு அஞ்சிய அப்பெல்ஜியப் பெண் வில்சனிடம் தன் கவலையைச் சொன்னாளாம். அது வெறும் கலை, கவலைப்படாதே என்ற கருத்தில் வில்சன் அவளைத் தேற்றியனுப்பினாராம். இதனைப் பின்னாளில் வருத்தத்துடன் நினைவுகூர்ந்தனர். கோஷ்டியின் தோழரும் அவ்வாறே. யாரோ ஒருவனைக் கற்பித்து அவன் வாயாற் பாடுகின்றான் என்றே தாம் எண்ணியதாகவும், சொற்களை ஊன்றிக் கேளாதிருந்துவிட்டதாகவும் அவர்கள் கூறியுள்ளனர்.

இவ்விடத்தில் என் கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் தன் கவிதைகள் எழுதிய பயிற்சிப் புத்தகத்தை என்னிடம் தந்தான். நான் ஓர் இரவு முழுவதும் இருந்து, தளை தட்டிய இடங்களையும் ஒற்று மிகுந்த இடங்களையும் சிவப்பு மையினாற் குறித்து, இரண்டு உவமைகளை மெச்சி, திருப்பிக் கொடுத்தேன். அவன் நன்றி கூறி வாங்கிக்கொண்டான். அதன்பின் எதனையும் கொண்டுவந்து காட்டவில்லை. அந்த ஆண்டில் அவன் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது நெடுங்காலத்துக்குப் பின்பே எனக்குத் தெரியவந்தது. நடந்தது முழுவதும் அந்தக் கவிதைகளில் இருந்தது. அவன் இன்று நலமாக, பிள்ளைகுட்டிகளோடு வாழ்கின்றான். எனக்குத்தான் அந்தப் பயிற்சிப் புத்தகம் மறக்கவில்லை. எனவே வில்சனைக் கல்லெறிய என் கை எழுவதில்லை.

ஏப்ரல் மாதம் விரைந்து கேடடைந்தது. 4ஆந் திகதி ஒரே இரவில் இலண்டனில் இரு மேடைகள், மேடையிலே வலிப்பு. 7ஆந் திகதி உயிரை மாய்க்க முயன்று வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டான். மறுநாளே பெரி நகரில் ஏற்பாடாகியிருந்த நிகழ்ச்சிக்கு அழைத்து வரப்பட்டான்! சில பாடல்களுக்கு மேல் பாட இயலவில்லை. வேறு பாடகர் இடத்தை நிரப்பினர். சினங்கொண்ட சபையோர் போத்தல்களை வீசினர், கலகம் மூண்டது. என்னால் வந்தது என்று இயன் அழுதான். நிகழ்ச்சியை ஏன் நிறுத்தவில்லை என்று இன்று கேட்பது எளிது. அன்று அங்கிருந்தோர் எல்லோரும் இருபது, முப்பது வயதினர். நோயைப் பற்றி அறியாதவர். மறுநாள் நிகழ்ச்சி என்றால் வாசிக்கத்தான் வேண்டும் என்று நம்பியவர்.

மே 2ஆந் திகதி பேர்மிங்ஹாமில் கடைசியாகப் பாடினான். அமெரிக்கப் பயணத்துக்கு விமானம் ஏறவேண்டிய நாளுக்கு முதல்நாள், 1980 மே 18ஆந் திகதி, மக்கிள்ஸ்பீல்ட் பாட்டன் வீதியிலுள்ள தன் வீட்டிலே தன்னுயிரைத் தானே முடித்துக்கொண்டான். ஒரு வயது நிரம்பிய மகளும் இருபத்துமூன்று வயது மனைவியும் எஞ்சினர்.

அதன்பின் நிகழ்ந்ததே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. ஜூன் மாதம் வெளிவந்த லவ் வில் ரெயர் அஸ் அபாட் என்னும் தனிப்பாட்டு, பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 13ஆம் இடத்துக்கு ஏறிற்று. ஜூலை 18ஆந் திகதி குளோசர் வெளிவந்து 6ஆம் இடத்தை அடைந்தது. ஓராண்டாக எவரும் பட்டியலில் ஏற்றாத அன்னோன் பிளெஷர்ஸ், ஆகஸ்றில் 71ஆம் இடத்துக்கு வந்தது. தட்டிலே ஒரு சுரமும் மாறவில்லை. பாடியவன் இறந்துவிட்டான், அவ்வளவே.

விமர்சகரின் செவியும் மாறிற்று. நேற்றுவரை நகரையும் காலத்தையும் கேட்டவர்கள் இன்று ஒவ்வொரு வரியிலும் மரணத்தின் முன்னறிவித்தலைக் கேட்டனர். குளோசரை மறைந்தவனின் நினைவுச்சின்னமாகவே எழுதினர். இரங்கலுரை எழுதிய ஒருவர், அவன் வாசகர்களுக்காகவே உயிர்நீத்தான் என்ற பொருள்பட எழுதிச் சிலுவையையே நட்டுவிட்டார். இத்தாலியின் ஜெனோவா நகரத்து இடுகாட்டிலுள்ள ஒரு கல்லறைச் சிற்பத்தின் புகைப்படம் குளோசரின் உறையிலே இருந்தது. பார்த்தீர்களா, முன்பே தெரிந்திருக்கிறது என்றனர் சிலர். இறப்பை விற்கின்றனர் என்றனர் வேறு சிலர். உண்மையோ, அவன் உயிரோடு இருக்கையிலேயே கோஷ்டியினர் அப்படத்தைத் தெரிவுசெய்துவிட்டனர். இறந்த செய்தி கேட்டதும் உறையை எண்ணி வில்சனும் சவிலும் திகைத்துப்போயினர்.

இறப்பை முன்வைத்து வாசிப்பது எவ்வளவு தூரம் வழிதவறச் செய்யும் என்பதற்கு இதுவே சான்று. இயன் பதின்ம வயதிலிருந்தே இருளை வாசித்தவன். கோகொலின் நாவற் பெயரிலும் பலார்டின் நூற் பெயரிலும் பாட்டு இயற்றியவன். நோயும் குடும்பத் துயரும் வருமுன்பே அவன் எழுத்து அப்படித்தான் இருந்தது. அது கற்றுப் பயின்ற கைத்திறன். அவ்வாறிருக்க, பாடல்களை எல்லாம் ஒரு மரணக் கடிதத்தின் பக்கங்களாக அடுக்குவது அவனிடமிருந்து அத்திறனைப் பறிப்பதாகும். அதனோடு, நோயாலும் மருந்தாலும் நைந்துபோன ஓர் இளைஞனின் கொடிய ஒரு நாளை அழகிய விதியாக்கிக் காட்டுவதுமாகும். மருத்துவம் தவறிய இடத்தில் காவியம் பாடலாகாது. அதே வேளை, வெறும் கலை என்று தள்ளியவர்களும் தவறினர். கைத்திறனும் மெய்யே, கதறலும் மெய்யே. இரண்டையும் ஒருசேரக் கேட்கும் செவி அன்று வாய்க்கவில்லை.

எஞ்சிய மூவரும் நியூ ஓடர் என்னும் புதுப்பெயரோடு வேறு வழியிற் சென்று பெரும்புகழ் பெற்றனர். ஹனெற் 1991இலும் வில்சன் 2007இலும் காலமாயினர். டெபோரா 1995இல் தம் வாழ்க்கையை நூலாக எழுதினார். மேதையின் கதையாக வழங்கிவந்ததை ஒரு வீட்டின் கதையாக அந்நூல் மாற்றிற்று. அதனைத் தழுவி, அக்கோஷ்டியை 1979இற் புகைப்படம் எடுத்தவராகிய அன்ரன் கோர்பைன் 2007இல் கொன்ற்றோல் என்னும் திரைப்படத்தை ஆக்கினார். அப்படத்திலே பணிமனை மேசையும் இருக்கின்றது. அந்தப் பெண்ணும் இருக்கின்றாள்.

அடுத்த கிழமை வகுப்பு முடிந்தபின் பையன் காத்து நின்றான். ஷீஸ் லொஸ்ற் கொன்ற்றோல் பாட்டின் இரு வடிவங்களையும் அவனுக்குக் கேட்பித்தேன். 1979இன் வடிவத்திலே அவன் அவளைப் பற்றிச் சொல்கின்றான். 1980 மார்ச்சில் அதே பாட்டைப் புதிதாகப் பதிந்தபோது, இறுதியில் ஒரு பகுதியைச் சேர்த்தான். அங்கே அவள் இல்லை. நான் என்று பேசுகின்றான். அதற்குள் நோய் அவனுடையதாகியிருந்தது.

பையன் இரண்டையும் பேசாமற் கேட்டான். பிறகு, அந்தப் பெண்ணின் பெயர் என்ன, சேர் என்று கேட்டான். பாட்டிலே பெயர் இல்லை என்றேன். சட்டையின் கோடுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான்.